வென்ட் பைப்பைச் சுற்றி மொட்டை மாடி ஏன் ஒழுகுகிறது?

மொட்டை மாடியின் ஒரு மூலையில், தலையில் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு சாம்பல் நிறக் குழாய் நிற்கும். அதில் தண்ணீர் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அது காற்றுக்கான குழாய். பிளம்பர்கள் வென்ட் பைப் என்பார்கள். மழைக்காலத்தில் அதற்கு நேர் கீழே, குளியலறைக் கூரையில் வட்டமாக ஓதம் பூக்கும். மாடிக்குப் போய்க் குழாயின் அடியில் கொஞ்சம் சிமெண்ட் அப்பிவிட்டு வருவார்கள். அடுத்த ஐப்பசியில் அதே வட்டம், முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக வரும். அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, எப்படி நிறுத்துவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் குழாய் எதற்கு என்று பார்த்துவிடலாம். கழிவறையில் ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் குழாயை அடைத்துக்கொண்டு வேகமாக இறங்கும். பின்னாலிருந்து காற்றையும் இழுக்கும். அந்தக் காற்று வர வழி இல்லையென்றால், பக்கத்துக் குளியலறையின் ட்ராப்பில், அதாவது கழிவுநீர் வாயின் அடியில் உள்ள வளைவில், நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ட்ராப்பில் நிற்பது சுமார் 50 மி.மீ. உயரத் தண்ணீர்தான். சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அது ஒன்றே. செப்டிக் டேங்க்கின் வாயுவும் வென்ட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஐஎஸ் 2470 என்ற இந்தியத் தர விதி, டேங்க்கின் வென்ட் குறைந்தது 50 மி.மீ. விட்டம் இருக்க வேண்டும் என்கிறது. கட்டடத்திலிருந்து 15 மீட்டருக்குள் டேங்க் இருந்தால், வென்ட் கட்டடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் எழ வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஊர் மனைகளில் 15 மீட்டர் தள்ளி டேங்க் வைக்க இடம் ஏது? அதனால் குழாய் மாடியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஒழுகுகிறதே என்று அதை அறுத்துத் தளமட்டத்தில் மூடிவிடுவது ஒரு நோயை இன்னொன்றுக்கு மாற்றுவது மாதிரி. ஒழுகல் நிற்கலாம், நாற்றமும், ட்ராப்பில் 'கொர கொர' சத்தமும் தொடங்கும்.

மாடியைத் தாண்ட இரண்டு வழி உண்டு. வெளிச்சுவரோடு ஏறிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி மேலே போவது ஒன்று. சிலாப்பைத் துளைத்துக்கொண்டு போவது இன்னொன்று. முதல் வழி கிடைக்கும் வீட்டில் இரண்டாவதை யோசிக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. தளத்தில் போடாத ஓட்டை ஒழுகாது. வெளிச்சுவரில் ஏறும்போதும் வழியில் சன்ஷேடைத் துளைப்பார்கள், அங்கேயும் இதே கதைதான். சன்ஷேடின் நுனிக்கு வெளியே குழாயை வளைத்துக் கொண்டுபோனால் அதுவும் தீரும். வீட்டின் நடுவில் குளியலறை இருந்தாலோ, அடுக்ககத்தில் குழாய்கள் ஏறும் டக்ட்டுக்கு மேல் சிலாப் போட்டிருந்தாலோ, துளைப்பதைத் தவிர வழியில்லை. இனி பேசுவதெல்லாம் அந்த வீடுகளுக்கு.

சிமெண்டும் பிளாஸ்டிக்கும்

பிவிசி குழாயின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பானது. சிமெண்ட் அதைப் பிடித்துக்கொள்ளாது. பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். காய்ந்த கலவை கொஞ்சம் சுருங்கினாலே நடுவில் முடி அகலத்துக்கு ஒரு இடைவெளி விழுந்துவிடும். தண்ணீருக்கு அது போதும்.

அடுத்தது வெயில். ஒரு மீட்டர் பிவிசி ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.07 மி.மீ. நீளும். விடியற்காலைக் குளிர்ச்சிக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே குழாயின் சூடு 30 டிகிரி மாறினால், 3 மீட்டர் குழாய் ஏறக்குறைய 6 மி.மீ. நீண்டு, இரவில் திரும்பச் சுருங்கும். அதே நீளக் கான்கிரீட் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. ஒன்று நகர்கிறது, ஒன்று நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் விறைப்பான சிமெண்டை அப்பினால் அது வெடிக்காமல் என்ன செய்யும்? எத்தனை முறை அப்பினாலும் விரிசல் அதே இடத்தில் திரும்புவதற்கு இதுதான் காரணம். போதாக்குறைக்கு, மாடியில் தனியாக நிற்கும் குழாயைப் பார்த்தால் நமக்குக் கை சும்மா இருக்காது. துணி காயப்போடும் கொடியின் ஒரு முனையை அதில்தான் கட்டுவோம். ஈரப் போர்வை ஒன்று தொங்கினால் குழாய் சாயும், எடுத்தால் நிமிரும். காற்றில் ஆடுவது தனி.

மூன்றாவது, தளத்தின் அமைப்பு. நம் மாடியில் ஓட்டுக்கு நேர் கீழே சிலாப் இல்லை. நடுவில் 75 முதல் 100 மி.மீ. வரை செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிய அடுக்கு இருக்கிறது, அதன்மேல்தான் தட்டோடு. ஓட்டின் இணைப்பில் எங்கே விரிசல் இருந்தாலும் தண்ணீர் இந்த ஜல்லிக்குள் இறங்கும். பஞ்சு மாதிரி ஊறி, சிலாப்பின் மேல் வாட்டம் போகிற பக்கமெல்லாம் நகர்ந்து, முதலில் கிடைக்கும் ஓட்டை வழியாக இறங்கும். பெரும்பாலும் அந்த ஓட்டை குழாயைச் சுற்றித்தான் இருக்கும். ஆகவே தண்ணீர் புகுந்த இடம் பத்தடி தள்ளி இருக்கலாம். ஓட்டின் மேல் என்ன பூசினாலும், கீழே சிலாப் மட்டத்தில் குழாயைச் சுற்றித் திறந்தே இருந்தால் ஒழுகத்தான் செய்யும். அடைக்க வேண்டிய இடம் சிலாப்.

அந்த ஓட்டை எப்படி அடைக்கப்பட்டிருக்கும் என்று பழைய இடத்தைக் கொத்திப் பார்த்தால் தெரியும். உளியும் சுத்தியும் வைத்து உடைத்த, 110 மி.மீ. குழாய்க்கு இரண்டு மடங்கு பெரிய, கோணல் ஓட்டை. அடியில் கலவை விழாமலிருக்கச் சிமெண்ட் பையின் காகிதத்தையோ சாக்கையோ திணித்திருப்பார்கள். அதன்மேல் ஓட்டுக்குப் பிசைந்ததில் மீந்த கலவை இரண்டு கரணை. 125 மி.மீ. கனமான சிலாப்பில் உண்மையில் அடைபட்டிருப்பது மேலே 30, 40 மி.மீ. மட்டும். கீழே மட்கிய காகிதம்.

கொத்துவதற்கு முன் சோதனை

கூரையில் குழாயைச் சுற்றி ஓதம் என்றதும் மாடிதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மழையே இல்லாத மாதத்திலும் ஓதம் காயவில்லை என்றால், சந்தேகம் குழாயின் இணைப்பின் மேலோ, மேலே வைத்த தொட்டியின் வழிகுழாயின் மேலோ போக வேண்டும். மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்தும் சொட்டினால், ஜல்லி அடுக்கு ஊறியிருக்கிறது என்று பொருள்.

உறுதி செய்ய, வெயில் நாளில் குழாயைச் சுற்றி ஒரு முழ அளவுக்கு வட்டமாகக் களிமண்ணாலோ சிமெண்ட் கலவையாலோ பாத்தி கட்டுங்கள். 50 மி.மீ. தண்ணீர் விட்டு 48 மணி நேரம் வையுங்கள். மட்டம் குறையக் குறைய நிரப்புங்கள். கீழே ஈரம் வந்தால் ஓட்டை அங்கேதான். வரவில்லை என்றால் பாத்தியை உடைத்துவிட்டு, ஏணி வைத்துத் தொப்பியைக் கழற்றி, குழாயின் வாய்க்குள் ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். இப்போது நனைந்தால் குற்றம் தளத்தில் இல்லை. சிலாப்புக்குக் கீழே ரப்பர் ரிங் இல்லாமல் செருகிய இணைப்போ, பசை வைக்க மறந்த இணைப்போ இருக்கும். இரண்டிலும் வரவில்லை என்றால் கைப்பிடிச் சுவரின் அடியையும், மாடியின் மற்ற ஓட்டு இணைப்புகளையும் பாருங்கள். இரண்டு சோதனையையும் ஒரே நாளில் செய்தால் எதனால் நனைந்தது என்று தெரியாமல் போகும்.

சரிசெய்யும் விதம்

சித்திரை, வைகாசியில் செய்வது நல்லது. ஜல்லி அடுக்கு முழுதாகக் காய்ந்திருக்கும். மழைக்கு நடுவில் செய்த வேலை நிற்காது.

குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு அடி தூரத்துக்குத் தட்டோடுகளையும் ஜல்லியையும் எடுத்து, சிலாப் தெரியும் வரை போங்கள். கை உளிதான் வேண்டும். பிரேக்கர் மெஷின் வைத்தால் குழாயும் அதிர்ந்து வெடிக்கும். பழைய அடைப்பில் ஆடுகிற, தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்கிற எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் சிலாப் முழுக் கனத்துக்கும் திறந்துவிடும். குழாயை இப்போதே கூர்ந்து பாருங்கள். பல வருட வெயிலில் மேற்பரப்பு சுண்ணாம்புபோல் வெளுத்து, அழுத்தினால் நொறுங்கினால் அந்தத் துண்டை மாற்றிவிடுவதே மேல். புதுத் துண்டுக்கு, சிலாப்புக்குக் கீழே வரும் முதல் இணைப்பை ரப்பர் ரிங் இணைப்பாக வையுங்கள்; குழாயை அடிவரை செருகி, பிறகு 10 மி.மீ. வெளியே இழுத்து விடுங்கள். கீழ்த் தளக் குழாய் நீளும்போது அந்த இடைவெளி தாங்கிக்கொள்ளும், சிலாப்பைத் தள்ளாது. குழாயைச் செருகும் அகன்ற முனையின், அதாவது சாக்கெட்டின், வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். கழிவுநீருக்கும் மழைநீருக்கும் போடும் எஸ்டபிள்யூஆர் குழாய்களில் ஏ வகை, பி வகை என்று இரண்டு உண்டு. காற்றுக்கு ஏ வகையே போதும். ஆனாலும் சிலாப்புக்குள் புதைவதைப் பி வகையாகப் போடுவது எங்கள் பழக்கம். 110 மி.மீ. குழாயில் ஏ வகையின் சுவர் குறைந்தது 2.2 மி.மீ., பி வகை 3.2 மி.மீ.; நாளைக்குக் கொத்தி மாற்ற முடியாத இடத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர் மலிவு.

இனி குழாய்க்குச் சொரசொரப்பு வேண்டும். சிலாப்புக்குள் வரும் பகுதியை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, பிவிசி குழாய்களை ஒட்டும் பசையான சால்வெண்ட் சிமெண்டை மெல்லியதாகத் தடவி, ஈரம் காய்வதற்குள் சலித்த உலர்ந்த மணலை அள்ளித் தூவுங்கள். கொஞ்ச நேரத்தில் குழாயின் மேல் மணல் தோல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரியே இருக்கும். கலவை பிடிப்பது அந்த மணலைத்தான். சிலாப்பின் கனத்துக்குள், அதன் மேல்மட்டத்திலிருந்து கீழே 25 மி.மீ. வரை மட்டும் மணல் படக் கூடாது. அங்கே இறுகியபின்னும் ரப்பர் மாதிரி நெகிழும் அடைப்புப் பசையான சீலன்ட் வரப்போகிறது, அதற்குச் சுத்தமான பிவிசி வேண்டும். அந்த 25 மி.மீ. இடத்தில் 12 மி.மீ. கனமுள்ள தெர்மோகோல் பட்டையைச் சுற்றி டேப் போட்டுவிடுங்கள். பிறகு உருவி எடுத்தால் சீரான பள்ளம் கிடைக்கும்.

அடியில் காகிதம் வேண்டாம். ஒரு பிளைவுட் துண்டை இரண்டாக அறுத்து, ஒவ்வொன்றிலும் அரைவட்டம் வெட்டிக் குழாயைக் கவ்வும்படி வைத்து, கீழிருந்து முட்டுக் கொடுங்கள். ஓட்டையின் சுவரை முந்தின இரவே நனைத்து ஊறவிட்டு, ஊற்றும்போது தண்ணீர் தேங்காமல் துடைத்துவிடுங்கள். பிறகு காயும்போது சுருங்காத சிமெண்ட் கலவை, அதாவது நான்-ஷ்ரிங்க் கிரவுட் ஊற்றுங்கள். பையில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு குவளைத் தண்ணீர்கூட வேண்டாம். ஓடவில்லையே என்று தண்ணீர் சேர்த்த கிரவுட் சுருங்கும். அதற்குக் கொடுத்த விலை வீண். ஒரே பக்கத்திலிருந்து ஊற்றி, மறுபக்கம் எழும்பி வரும்வரை விடுங்கள். அப்போதுதான் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். மூன்று நாளாவது ஈரச்சாக்கு போட்டு வையுங்கள்.

அளவு தெரிந்துகொள்வது நல்லது. கான்கிரீட்டை வட்டமாகத் துளைக்கும் கோர் கட்டிங் மெஷினில் வெட்டிய 150 மி.மீ. ஓட்டையில், 110 மி.மீ. குழாயைச் சுற்றி, 125 மி.மீ. சிலாப்புக்குத் தேவை ஒரு லிட்டர் கிரவுட். தூளாக ஏறக்குறைய 2 கிலோ. உளியால் உடைத்த ஓட்டைக்கு 5 கிலோகூட இழுக்கும். ஒரே நாளில் எல்லாக் குழாயையும் முடித்தால் 25 கிலோ பை வீணாகாது.

கிரவுட் இறுகி, பள்ளம் நன்றாகக் காய்ந்தபின் அடுத்த வேலை. ஒழுகலை நிறுத்துவது உண்மையில் இதுதான். 15 மி.மீ. தடிப்புள்ள நுரைக் கயிற்றைப் பள்ளத்தின் அடியில் அழுத்தி, மேலே 10 மி.மீ. மட்டும் இடம் விடுங்கள். கடைகளில் பேக்கர் ராட் என்று கேட்டால் தருவார்கள். அந்த இடத்தில் பாலியூரித்தேன் சீலன்டை நிரப்புங்கள். கயிறு வெறும் நிரப்பி அல்ல. அது இருந்தால் சீலன்ட் ஒரு பக்கம் குழாயையும் மறுபக்கம் கான்கிரீட்டையும் பிடித்துக்கொண்டு, நடுவில் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடும். கயிறு இல்லாமல் அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட வழியின்றிக் கிழியும். சீலன்டையே கொஞ்சம் கூடுதலாக வைத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் குழாயோரம் 15 மி.மீ. சாய்வாக வழித்துவிடுங்கள். கைப்பிடிச் சுவரடியில் கொத்தனார் செய்யும் சிமெண்ட் சாய்வு இங்கே உதவாது. அது விறைப்பானது, குழாய் நகர்ந்தால் வெடிக்கும். சீலன்ட் நாளுக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் இறுகும். நான்கைந்து நாள் பொறுங்கள்.

அதன்மேல் இரண்டு பாகமாக வரும் அக்ரிலிக் சிமெண்ட் பூச்சு, நடுவில் கண்ணாடியிழை வலை. எழுபது சென்டிமீட்டர் சதுர வலையை எடுத்து, நடுவில் குழாய் அளவுக்கு வட்டம் வரைந்து, மையத்திலிருந்து எட்டுப் பக்கம் கத்தரித்தால் பூவிதழ் மாதிரி எட்டு நாக்கு வரும். குழாயில் மேலிருந்து மாட்டினால் நாக்குகள் குழாயோடு மேல்நோக்கி நிற்கும். மீதி தளத்தில் படியும். குழாயைச் சுற்றித் தனியாக ஒரு பட்டை வலை, நாக்குகளை மூடியபடி. முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வலையை அழுத்தி, சில மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சைக் குறுக்கே போடுங்கள். மொத்தம் ஒரு கிலோ போதும். வெயில் தாழ்ந்த நேரத்தில் செய்யுங்கள். கொதிக்கிற தளத்தில் பூச்சு தோலாகக் காய்ந்து உரியும்.

உயரத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். சிலாப்பிலிருந்து ஆறு அங்குலம் ஏற்றிவிட்டுத் திருப்தியாகிவிடுவார்கள். மேலே ஜல்லி 100 மி.மீ., ஓடு 20 மி.மீ. வந்தபின் மிஞ்சுவது ஒரு அங்குலம்தான். முடிந்த ஓட்டு மட்டத்துக்கு மேல் 150 மி.மீ. வேண்டும், ஆகவே சிலாப்பிலிருந்து 270, 300 மி.மீ. ஏற்ற வேண்டும். பூச்சு படும் இடமெல்லாம் குழாயை உப்புத்தாளால் தேய்த்திருக்க வேண்டும். மேல் விளிம்பை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளிப்பால் இறுக்கி, அதற்கு மேல் ஒரு வரி சீலன்ட்.

ஜல்லி போடும் முன் மறுபடி பாத்தி கட்டி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்துங்கள். கொத்தனாருக்கு அவசரம் இருக்கும், விடாதீர்கள். ஓடு பதிக்கும்போது ஓட்டுக்கும் குழாய்க்கும் நடுவே 10 மி.மீ. விட்டு, அதையும் கலவையால் அல்ல, சீலன்டால் நிரப்புங்கள். தண்ணீர் வாட்டம் குழாயை விட்டு விலகிப் போக வேண்டும், 10 அடிக்கு ஒரு அங்குலத்துக்குக் குறையாமல்.

செய்யக் கூடாதவை சில. வினிகர் வாடை வரும் சிலிக்கான் சிமெண்டில் நிற்காது. அதன்மேல் பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாது. இரண்டு உருண்டையைப் பிசைந்து ஒட்டும் எபாக்ஸி புட்டி கல்லாக இறுகும். மேலே சொன்ன அசைவுக்கு அதுவும் தோற்கும். தார் ஷீட்டை டார்ச் வைத்து உருக்கி ஒட்டுபவர்கள் பிவிசி குழாயருகே வந்தால் நிறுத்துங்கள். சுமார் 80 டிகிரியிலேயே அந்தக் குழாய் இளகிவிடும். டார்ச் தீயின் சூடு அதைவிடப் பல மடங்கு.

புது வீடாக இருந்தால்

கம்பி கட்டும் நாளிலேயே வென்ட் எங்கே வருகிறது என்று முடிவு செய்துவிட்டால், மேலே சொன்ன பாதி வேலை தேவைப்படாது. 160 மி.மீ. குழாயில் ஒரு துண்டு வெட்டிச் சென்ட்ரிங் பலகையில் நிறுத்தி, அதைச் சுற்றிக் கான்கிரீட் போட்டுவிட வேண்டும். நீளக் கணக்கு எளிது: சிலாப் 125, ஜல்லி 100, ஓடு 20, மேலே தலைதூக்க 150, மொத்தம் 395, ஆக 400 மி.மீ. துண்டின் வெளிப்புறத்தில், சிலாப்புக்குள் புதையும் இடத்தில் மணல் தோல்; நடுவில் பிவிசி வளையம் ஒன்றைப் பசை வைத்து ஒட்டினால் இன்னும் நல்லது. தண்ணீர் நேராக இறங்க முடியாமல் வளையத்தைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். இதைத்தான் படில் ஃபிளேஞ்ச் என்கிறார்கள். 110 மி.மீ. வென்ட் இந்தத் துண்டுக்குள் தாராளமாக ஏறி இறங்கும். நகர்கிற குழாய் கான்கிரீட்டைத் தொடுவதே இல்லை. மேல் இடைவெளிக்கு மட்டும் குடை வேண்டும்: கூம்பாக மடித்த அலுமினியத் தகடு, வென்ட்டில் ஹோஸ் கிளிப்பால் இறுக்கி மேலே சீலன்ட், கீழ் விளிம்பு 160 துண்டின் வாய்க்கு வெளியே இரண்டு அங்குலம் தொங்க வேண்டும்.

இடத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். கைப்பிடிச் சுவரிலிருந்து குறைந்தது ஒரு அடி தள்ளி வையுங்கள். சுவரை ஒட்டி வைத்தால் பின்பக்கம் கரணை நுழையாது. ஒழுகுவது அந்தப் பக்கம்தான். இரண்டு குழாய்களை உரசிக்கொண்டு நிற்கவிட்டால் நடுவில் எதையும் நிரப்ப முடியாது, 100 மி.மீ. இடைவெளி வேண்டும். மழைநீர் இறங்கும் மூலையிலும் வேண்டாம், மாடித் தண்ணீர் முழுக்க அதைக் கழுவிக்கொண்டு போகும்.

மாடியில் தகர ஷீட் கூரை போட்டிருந்தால் முறை வேறு. ஷீட்டின் மேட்டில் குழாய் வரும்படி பார்த்து வெட்டி, இபிடிஎம் என்ற ரப்பரில் செய்த, குழாயைக் கவ்வும் உறையான பூட் ஒன்றைக் குழாயில் மாட்ட வேண்டும். அதன் வாயைக் குழாயைவிடக் கொஞ்சம் சிறிதாக வெட்டினால்தான் இறுகப் பிடிக்கும். பூட்டின் அடித்தகட்டின் கீழ், வினிகர் வாடை வராத நியூட்ரல் சிலிக்கான் வைத்து, வாஷர் போட்ட ஸ்க்ரூவால் சுற்றிலும் முடுக்க வேண்டும். இங்கே சிமெண்டுக்கு வேலையே இல்லை.

வெளியில் நிற்கும் குழாய்க்கு வெள்ளை எக்ஸ்டீரியர் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் வெயிலில் சீக்கிரம் நொறுங்காது, சூடும் குறையும். 2 மீட்டர் உயரக் குழாயைக் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். தொப்பியில் கொசு வலை இருக்கட்டும். குளவி கூடு கட்டி அடைத்திருக்கிறதா என்று புரட்டாசியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். துணிக்கொடிக்குச் சுவரில் இரண்டு கொக்கி அடித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே குழாயில் கயிறு ஏறியிருக்கும்.